பிங் நைனாவும் ஐந்து டேங்கர்களும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், உயிரோடு எதிரே நிற்கும் ஒரு மனிதனைப் பார்த்து "இவர் இல்லை" என்று அறிவிக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. டாக்டருக்கு இல்லை. தாசில்தாருக்கு இல்லை. எங்கள் கெமிக்கல் ஃபாக்டரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட பிங் நைனாவுக்கு இருந்தது.

அவர் செய்தது இவ்வளவுதான். உங்கள் அறை வாசலில் தலையை மட்டும் நீட்டுவார். "பிங்" என்பார். நீங்கள் "பாங்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் இருக்கிறீர்கள். தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவார். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு மூன்று தடவை பார்ப்பார். அப்புறம், "ஆளு கெடயாது நைனா, டைம்டு அவுட்டு" என்று நடையில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டுப் போய்விடுவார். வாயில் வடையோடு நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் ஒன்றும் ஆகாது. அவர் கணக்கில் நீங்கள் இல்லை.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்பதற்குப் பெயர்தான் பிங். "இருக்கேன்" என்று பதில் வந்தால், நடுவில் உள்ள கம்பிகளும் கருவிகளும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று பொருள். மெஷினுக்கே இந்த மரியாதை உண்டென்றால் மனுஷனுக்கு ஏன் கிடையாது என்பது நைனாவின் கட்சி.

சொந்த ஊர் எளாவூர். ஆந்திர எல்லைப்புறப் பழக்கத்தில் பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லோரையும் "நைனா" என்று கூப்பிடுவார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. நிர்வாக அதிகாரியாக அந்தப் பட்டியலில் மாதாமாதம் கையெழுத்துப் போட்ட எனக்கே அது யோசித்தால்தான் வரும்.

நான் ஒருநாளும் பாங் சொன்னதில்லை. அலுவலக நேரத்தில் நிர்வாக அதிகாரி அப்படிக் குரல் கொடுக்கலாம் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. சுற்றறிக்கைகளை எழுதியவன் நானே என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். நைனா சில வாரம் விடாமல் முயன்றார். பிறகு காண்டீனில் உட்கார்ந்து என்னைப் பற்றித் தீர்ப்பு வழங்கினார்.

"சாரு கீறாரு. ஆனா பதில் குடுக்க மாட்டாரு. ஃபயர்வாலு."

இன்னா நைனா அது என்று காண்டீன் பாண்டுரங்கன் கேட்டாராம். நம்ம நெட்வொர்க்குக்குள்ளே வருவதையும் போவதையும் வாசலில் நிறுத்திச் சோதிக்கும் காவல்தான் ஃபயர்வால். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரியை ஓரங்கட்டிக் காகிதம் கேட்கிறார்களே, அதே வேலை என்றாராம் நைனா. அதில் சில ஃபயர்வால் ரொம்பக் கெட்டி. இருக்கியா என்று கேட்டால்கூட வாய் திறக்காது. அன்றிலிருந்து என் பெயரும் ஃபாக்டரியில் மாறிப்போனது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் வராந்தாவில் வந்தால் "ஃபயர்வால் வருது" என்று ஒரு முணுமுணுப்பு முன்னால் ஓடும்.

நைனாவின் விசேஷம், எந்தச் சங்கதியையும் நின்ற இடத்தில் கிடைத்த பொருளைக் கொண்டு விளக்கிவிடுவார். ஒருமுறை அக்கவுண்ட்ஸ் மேனேஜர், தன் கம்ப்யூட்டரின் ஐ.பி. நம்பர் அடிக்கடி மாறுகிறது, யாரோ திருடுகிறார்கள் என்று எனக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தார். நைனா அவரைக் கையைப் பிடித்து மெயின் கேட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே விசிட்டர்களுக்கென்று நம்பர் எழுதிய ஹெல்மெட்டுகள் மாட்டியிருக்கும். வருகிறவர் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்வார். போகும்போது திருப்பிக் கொடுப்பார். மறுநாள் அது வேறு யார் தலையிலோ இருக்கும். "கேட்டுல ஹெல்மெட் குடுக்கிற ஆளுதான் சார் டி.எச்.சி.பி. உள்ள வர்ற கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பர வாடகைக்குக் குடுக்கும். உங்களுது வாடகை நம்பரு. சொந்த ஹெல்மெட் வேணும்னா சொல்லுங்க, பேரெழுதித் தர்றேன்" என்றார். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வாடகை என்ற சொல்லைக் கேட்டதும் எவ்வளவு என்று கேட்டார். அவர் தொழில் அப்படி.

அதே கேட்டில் செக்யூரிட்டி கஜேந்திரன்தான் நைனாவுக்கு டி.என்.எஸ். பெயரைச் சொன்னால் நம்பரைச் சொல்லும் ஏற்பாடு அது. நமக்குப் பெயர்தான் வாயில் வரும், கம்ப்யூட்டருக்கு நம்பர்தான் புரியும். நடுவில் இரண்டையும் தெரிந்தவன் ஒருவன் வேண்டும். கொக்கி என்று பட்டப்பெயர் கொண்ட வெல்டர் எங்கே என்றால் கஜேந்திரன் அவர் டோக்கன் நம்பர், ஷெட், ஷிஃப்ட் எல்லாம் சொல்லிவிடுவார். கஜேந்திரன் லீவு போட்ட நாளில், உள்ளே இருநூறு பேர் இருந்தும், தேடி வந்தவருக்கு ஃபாக்டரியில் ஆளே இல்லை. இன்டர்நெட் போச்சு என்று நீங்கள் அலறும் பாதி நாளில் நடப்பதும் இதுதான் என்பார் நைனா.

எளாவூரில் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தபோது எங்களுக்கு டி.சி.பி. முறையில் அழைப்பு வைத்தார். முதலில் "பத்திரிகை குடுக்கலாமா?" என்று கேட்டார். "குடுங்க" என்றோம். "சரி, குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பையையே திறந்தார். இதற்குக் கைகுலுக்கல் என்று பெயராம். இரண்டு பக்கமும் தயார் என்று உறுதியான பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். பத்திரிகையை வாங்கியவர் தேதி, நேரம், இடம் மூன்றையும் படித்துக் காட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பத்திரிகை திரும்ப வாங்கப்பட்டு மறுபடி கொடுக்கப்படும். சேஃப்டி ஆபீசருக்கு மூன்று முறை கொடுத்தார்.

சில பேருக்கு வாய்ச்சொல்லோடு விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் அது யு.டி.பி. பழவேற்காட்டிலிருந்து மொபெட்டில் வரும் மீன்காரம்மா "எறா, நண்டு" என்று கூவிக்கொண்டே போகிறார். எந்த வீட்டுக்குக் கேட்டது, எந்த வீட்டுக்குக் கேட்கவில்லை என்று நின்று விசாரித்தால் மீன் நாறிவிடும். வேகம் முக்கியமான இடத்தில் கூவிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றார். யு.டி.பி. அழைப்புப் பெற்றவர்களில் பாதிப்பேர் வரவில்லை. நைனா அதை எதிர்பார்த்திருந்தார். சமையலும் அந்தக் கணக்கில்தான் சொல்லியிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் ஃபாக்டரிக்குப் புது ஜெனரல் மேனேஜர் வந்தார். சுத்தக்காரர். மேஜைமேல் பேனா கோணலாக இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அதை நேராக்குவார். வந்த முதல் வாரமே அவர் மீட்டிங்கின் நடுவில் கதவு திறந்து ஒரு தலை நீண்டது. "பிங்." இரண்டு என்ஜினீயர்கள் பழக்கதோஷத்தில் "பாங்" என்றார்கள்.  மீட்டிங் முடிந்ததும் ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் வேலையைச் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் விடவும், மாதக் கடைசியில் அந்த ஆளைக் கணக்கு முடித்து அனுப்பவும் கோப்புத் தயார் செய்யச் சொன்னார்.

கோப்புத் தயார் செய்வதில் எனக்கு இணை கிடையாது. தயார் செய்யாமல் இருப்பதில் அதைவிடக் கிடையாது. மூன்று கொட்டேஷன் கேட்டேன். வந்ததும், மூன்றும் ஒரே மாதிரி விவரத்துக்குக் கொடுக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பினேன். பிறகு சட்ட ஆலோசகரின் கருத்துக் கேட்டேன். கருத்து வந்ததும் அந்தக் கருத்தின்மேல் விளக்கம் கேட்டேன். எல்லாம் முறைப்படி. 

நைனாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருநாள் என் அறைக்கு வந்தார். தலையோடு உடம்பும் வந்தது. பிங் சொல்லவில்லை.

"சார், இந்த ஃபாக்டரில ஒவ்வொரு ஒயரும் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும். நான் எங்க போறதுன்னுதான் தெரியல."

"உட்காருங்க நைனா."

"பொண்ணு காலேஜு சேந்துக்கிது சார். இந்த வயசுல எவன் கூப்ட்டு வேல குடுப்பான்?"

கோப்பு நடவடிக்கையில் இருக்கிறது, அதுபற்றிப் பேசுவது முறையல்ல என்றேன். அவர் "ஃபயர்வாலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு பெரிய ஆடிட் வந்தது. எங்களிடம் சால்வென்ட் என்ற கரைப்பான் திரவம் வாங்கும் மருந்துக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்து, டேங்கர்கள் நிரம்பி, எடை போட்டு, பில்லோடு வெளியே போவதை நேரில் பார்க்கப்போகிறார். ஐந்து டேங்கர் அன்று போயாக வேண்டும். ஜி.எம். விடிந்ததும் வந்து கான்ஃபரன்ஸ் ஹாலைத் தானே ஒழுங்கு செய்தார். ஆடிட்டர் அம்மாளை வரவேற்கும்போது அதையும் பெருமையாகச் சொன்னார்: "இந்த ஹாலை நானே என் கையால சரி பண்ணினேன் மேடம். ஒரு ஒயர் தொங்காது, பாருங்க." அந்த அம்மாள் பார்த்தார். தொங்கவில்லை.

அன்று காலையிலிருந்தே ஃபாக்டரி ஊமையாகிக் கிடந்தது. எடைமேடையின் கம்ப்யூட்டர் ஆபீசோடு பேசவில்லை. பில் போடும் கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. இன்டர்காமை எடுத்தால் மௌனம். அதுவும் அதே கம்பியில்தான் ஓடியது. சால்வென்ட் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் செல்போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவோம். கேட்டை ஒட்டிய ஆபீசில் டெஸ்பாட்ச் ரேவதியம்மாளிடம் மட்டும் ஒரு போன் உண்டு. சரக்கு வண்டி வெளியே போகத் தேவையான இ-வே பில்லை அதில் போட்டுவிடலாம். ஆனால் டேங்கர் நம்பர், எடை, சீல் நம்பர் எல்லாம் ஃபாக்டரியின் பின்கோடியில் எடைமேடையில் இருந்தன. சீட்டெழுதி சைக்கிளில் ஆளனுப்பினார்கள். வழியெல்லாம் டேங்கர்கள் நிற்க, அவர் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தபோது ஒரு டேங்கரின் நம்பரும் இன்னொரு டேங்கரின் எடையும் ஜோடி சேர்ந்திருந்தன. ரேவதியம்மாள் சீட்டை அவர் கையிலேயே திணித்து அனுப்பிவிட்டார்.

ஜி.எம். நைனாவைத் தனியே கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். "ஆடிட்டர் கிளம்பறதுக்குள்ள அஞ்சு வண்டியும் வெளிய போயிருக்கணும். இல்லன்னா மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னிக்கே கிளம்பிடுங்க" என்றார்.

நைனா கம்ப்யூட்டர் அறைக்கு ஓடுவார் என்று நினைத்தேன். அவர் காண்டீனுக்குப் போனார். பாண்டுரங்கனைக் கரண்டியோடு வெளியே இழுத்து வந்தார். தோட்ட வேலை லட்சுமியம்மா, வெல்டர் கொக்கி, கஜேந்திரன், ஃபிட்டர்கள் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம், ஒருவர் குரல் அடுத்தவருக்குக் கேட்கும் தூரத்தில், எடைமேடையிலிருந்து ஆபீஸ் வரை நிறுத்திக்கொண்டே வந்தார். ஆபீஸ் முகப்பில், ரேவதியம்மாளின் ஜன்னலுக்கு முன்னால் கடைசி ஆள் குறைந்தது. அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், நீங்கதான் கடைசி. வர்றத வாங்கி ரேவதிகிட்ட குடுக்கணும். அது சொல்றத வாங்கித் திருப்பணும்."

அவசர காலத்தில் நிர்வாக அதிகாரி முகப்பில் நிற்க வேண்டும் என்பது விதி. நின்றபடி வாய் திறக்கக் கூடாது என்று விதி இல்லை. சரி என்றேன்.

வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமல்லவா? நைனா எடைமேடைக்குப் போய்க் குரல் கொடுத்தார். "பிங்." கொக்கி வாங்கினார், ஃபிட்டர்கள் வாங்கினார்கள், பாண்டுரங்கன் கரண்டியை உயர்த்தி லட்சுமியம்மாவுக்கு அனுப்பினார். லட்சுமியம்மா என்னைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். "பிங்கு சார்" என்றார். நான் ரேவதியம்மாளிடம் சொன்னேன். அவர் பாங் என்றார். இப்போது என் முறை.

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜி.எம்.மும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சுற்றறிக்கை வாசிக்கும் குரலில் சொன்னேன்.

"பாங்."

லட்சுமியம்மாவுக்கு வந்த சிரிப்பில் அதை அடுத்தவருக்கு அனுப்ப மறந்துவிட்டார். நான் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதாயிற்று. அது எடைமேடையைச் சேர்ந்தபோது அங்கே எழுந்த கூச்சல் முகப்புவரை கேட்டது. கொக்கி விசிலடித்தாராம்.

பிறகு வேலை நடந்தது. எப்படி நடந்தது என்கிறீர்கள்! ஒரு டேங்கரின் விவரத்தை மொத்தமாகச் சொன்னால் நடுவில் மறந்துவிடும் என்று நைனா அதைத் துண்டு துண்டாக்கினார். ஒன்று, வண்டி நம்பர். இரண்டு, எடை. மூன்று, சீல் நம்பர். இந்தத் துண்டுகளுக்குப் பெயர்தான் பாக்கெட். ஒவ்வொரு துண்டுக்கும் "வந்துச்சு" என்று பதில் போக வேண்டும். போகாவிட்டால் அதே துண்டு மறுபடி வரும். நடுவில் ஒரு டேங்கர் உறுமிக்கொண்டு நின்று குரலை மறைத்தபோது, லட்சுமியம்மா யாரையும் கேட்காமல் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்ற ஆட்கள் வழியாகத் திருப்பிவிட்டார். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியில் அனுப்புகிற கருவியைத்தான் ரௌட்டர் என்கிறார்கள். எங்கள் ரௌட்டர் மண்வெட்டி வைத்திருந்தது. அப்படி வந்ததில் மூன்றாம் துண்டு இரண்டாம் துண்டுக்கு முந்திக்கொண்டது. ரேவதியம்மாள் பதறவில்லை, நம்பர் பார்த்து வரிசையில் வைத்துக்கொண்டார்.

எடையோடு கூடவே அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் அனுப்பச் சொல்லியிருந்தார் நைனா. ஒருமுறை பாய்லர் நீராவி விட்ட சத்தத்தில் எடையிலிருந்த ஓர் எட்டு காணாமல் போனது.

"கூட்டினா இருபத்தொண்ணு வர்லியே சார். பதிமூணுதான் வருது" என்றார் ரேவதியம்மாள்.

"கணக்கு இடிக்குது, திருப்பி அனுப்பு" என்று நான் கத்தினேன். அந்த வயதில் அவ்வளவு சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

முதல் டேங்கர் கேட்டைத் தாண்டியது. இரண்டாவது தாண்டியது. ஆடிட்டர் அம்மாள் மாடி ஜன்னலுக்கு வந்து, கீழே என்ன நடக்கிறது என்று கேட்டார். ஜி.எம். கெட்டிக்காரர். கண்ணிமைக்காமல், கம்ப்யூட்டர் நின்றாலும் வேலை நிற்காமலிருக்க நாங்கள் கொடுத்துவரும் பயிற்சி என்றார். பொய்யே இல்லை. கொடுத்தவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மனிதச் சங்கிலி தானாக ஓட ஆரம்பித்ததும் நைனா கம்ப்யூட்டர் அறைக்குள் போனார். சுவிட்ச் என்கிற பெட்டியில்தான் ஃபாக்டரியின் எல்லா ஒயரும் வந்து சேரும். யார் பேசினாலும், யாருக்குப் பேசினாரோ அவருக்கு மட்டும் கொண்டு கொடுக்கும் பெட்டி. அதன் விளக்குகள் வழக்கமாக அங்கொன்று இங்கொன்றாகச் சிமிட்டும். அன்று எல்லாம் ஒன்றாகத் திருவிழா சீரியல் பல்புபோல் துடித்தனவாம். நைனா ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். கான்ஃபரன்ஸ் ஹாலின் ஒயரைப் பிடுங்கியதும் எல்லா விளக்கும் அமைதியாகிவிட்டன.

நான்காவது டேங்கர் போய்க்கொண்டிருந்தபோது அவர் ஹாலுக்குள் நுழைந்தார். ஆடிட்டர் அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்கிவிட்டதால் பின்னாலேயே நானும் போனேன். நைனா யாரையும் பார்க்காமல் மேஜைக்கடியில் தவழ்ந்து போய், ஒரு ஒயரோடு வெளியே வந்தார். அதன் இரண்டு முனைகளும் அவர் கையில் இருந்தன. அதுவரை சுவரில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் இரண்டும் செருகப்பட்டிருந்தன. லேப்டாப்பில் மாட்டிக்கொள்ளத் தொங்கவிட்ட முனையை யாரோ அழகுக்காகப் பக்கத்துத் துளையில் சொருகி வைத்திருக்கிறார்கள்.

"லூப்பு சார்" என்றார். "எல்லாருக்கும்னு ஒரு சேதி வந்தா சுவிட்சு எல்லாப் பக்கமும் அனுப்பும். இந்த ஒயரு வழியா அது சுத்தி திரும்ப வரும். புதுசுன்னு நெனச்சி மறுபடி அனுப்பும். லோக்கல் டிரெயின்ல நாம கெளப்பிவுட்ட வதந்திய, பொன்னேரில ஏறுனவன் நம்மகிட்டயே வந்து சொல்ல, நாம நெஜம்னு நம்பி இன்னும் நாலு பேருக்குச் சொல்ற மாரி. சுத்திக்கினே கீதும். வேற பேச்சுக்கு எடமே இருக்காது."

"எவன் இதைச் சொருகினது?" என்றார் ஜி.எம்.

கேட்ட பிறகுதான் அவருக்கே காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆடிட்டர் அம்மாள் டீயைக் கீழே வைத்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒரே வார்த்தை. நைனா அதைச் சொன்னால் போதும்.

"அது எதுலயும் பதிவாவாது சார்" என்றார் நைனா. "செல ஒயரு தானா போய் சொருவிக்கும்."

ஐந்தாவது டேங்கர் பழைய வழியிலேயே, கம்ப்யூட்டர் பில்லோடு, ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஆடிட்டர் அம்மாள் தன் அறிக்கையில் எங்கள் அவசரகால ஏற்பாட்டை வெகுவாகப் பாராட்டினார். கிளம்பும்போது காரிலிருந்து நைனாவைக் கைகாட்டி அழைத்து, அந்த முதல் சொல் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலை ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். அந்தக் காண்ட்ராக்ட் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். விளக்கத்துக்காகக் காத்திருக்கிறது என்றேன்.

"விளக்கம் கிடைச்சாச்சு. மூடிடுங்க."

ஒரு கோப்பை மூடுவதற்கு முறைப்படி நான்கு கையெழுத்து வேண்டும். நானே எழுதிய அந்த விதியை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மீறி, அங்கேயே, அவர் மேஜைமேலேயே மூடினேன். அப்போது கதவு திறந்தது. ஒரு தலை நீண்டது.

"பிங்."

வராந்தாவில் நடமாட்டம் நின்றது. ஜி.எம். மேஜைமேல் ஒரு பேனாவை நேராக்கினார். ஏற்கெனவே அது நேராகத்தான் இருந்தது. பிறகு, மெதுவாகத்தான், ஆனால் கேட்கும்படியாக, "பாங்" என்றார்.

நான் ஓய்வு பெற்றுத் திருவள்ளூரில் இருக்கிறேன். நைனா இன்னும் அங்கேதான் இருக்கிறார். பெண்ணும் படிப்பை முடித்துவிட்டாள். தினம் காலையில், கேட்டில் செல்போனைக் கொடுப்பதற்கு முன்னால், எனக்கு ஒரு போன் போடுவார். ஒரே சொல். காய்கறிக் கடையில் நின்றாலும், கோயில் வரிசையில் நின்றாலும் நான் பதில் சொல்லிவிடுவேன். உடனே வைத்துவிடுவார். யார் அது, காலங்கார்த்தால ஒரு வார்த்தைக்கு ஒரு போன் என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

"நான் இருக்கேனான்னு பார்க்கறார்" என்றேன்.